குருத்துக்கலமும் இதயமும்: ஒரு மருத்துவக் கொள்கையின் வரலாறு

2001ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 5ஆம் திகதி வெளிவந்த 'நேச்சர்' என்னும் அறிவியல் வார இதழிலே ஒரு சிறு கட்டுரை இடம்பெற்றது. டொனால்ட் ஓலிக், பியெரோ அன்வேர்சா முதலிய அமெரிக்க ஆராய்ச்சியாளர் அதனை எழுதியிருந்தனர். சுண்டெலியின் இதய நாடியொன்றைக் கட்டி அதற்கு மாரடைப்பை உண்டாக்கினர். சில மணி நேரத்தின் பின், வேறோர் எலியின் என்பு மச்சையிலிருந்து பிரித்தெடுத்த கலங்களை, நலிந்த தசையின் ஓரத்திலே ஊசி வழியாக ஏற்றினர். ஒன்பது நாள் கழித்து நோக்கியபோது, இறந்த பகுதியின் 68 சதவீதத்தைப் புதிய இதயத்தசை நிரப்பியிருந்தது. இதுவே அக்கட்டுரை கூறிய செய்தி. மாரடைப்பினால் இறந்த தசை மீளாது என்று நூறாண்டாக மருத்துவக் கல்லூரிகளிற் கற்பிக்கப்பட்டு வந்தது. அக்கற்பிதத்தை இக்கட்டுரை ஒரே நாளிற் புரட்டிவிட்டது என்று உலகம் எண்ணிற்று.

யாழ்ப்பாணத்துக்கு இச்செய்தி வந்து சேரச் சில மாதங்கள் சென்றன. கண்டி வீதி மூடப்பட்டிருந்த காலம் அது. இதழ்களும் நூல்களும் கப்பலிலும் ஆகாய வழியாகவும் அருமையாகவே வந்தன. உயர்தர வகுப்பில் உயிரியல் கற்பித்துவந்த யான், கைக்குக் கிடைத்த இதழ்ச்சுருக்கமொன்றைக் கொண்டு, கரும்பலகையில் இதயத்தின் படம் வரைந்து, இறந்த பகுதியை வெண்கட்டியால் நிரப்பிக் காட்டி, 68 என்னும் எண்ணையும் அருகில் எழுதி, மாணவர்க்கு இதனைப் பெருமகிழ்ச்சியோடு எடுத்துரைத்தேன். தந்தையர் காலத்தில் மீளாநோயாக இருந்தது மைந்தர் காலத்தில் மீளும் நோயாகிவிடும் என்றும் கூறினேன். அவ்வகுப்பில் இருந்தோருள் சிலர் இன்று வைத்தியர். பலர் கடல்கடந்து வாழ்கின்றனர். யான் அன்று கூறியது பிழை. இம்மலர் அவர்கள் கைக்கும் செல்லும் ஆதலால், அப்பிழை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு வெளிப்பட்டது என்பதனை முறையாக எழுதிவைத்தல் என் கடன் ஆயிற்று.

மாரடைப்பின் இயல்பை முதலிற் கூறுவாம். இதயத்தசைக்குக் குருதி கொண்டுசெல்லும் முடியுரு நாடியின் உட்சுவரிலே கொழுப்புப் படிவு உண்டாகின்றது. அப்படிவு ஒருநாள் வெடிக்க, வெடித்த இடத்திற் குருதி உறைந்து நாடியை அடைக்கின்றது. அந்நாடியை நம்பியிருந்த தசை ஒட்சிசனின்றி மடியத் தொடங்குகின்றது. இடது இதயவறையிலே 200 கோடி முதல் 400 கோடி வரை தசைக்கலங்கள் உள. பெரியதொரு மாரடைப்பில் அவற்றுள் 100 கோடியளவு சில மணி நேரத்தில் இறக்கக்கூடும். இறந்த இடத்தை நார்வடு நிரப்பும். வடு கிழியாது காக்கும். ஆனாற் சுருங்கி விரியாது. எஞ்சிய தசை மிகையாக உழைத்து, காலப்போக்கில் தானும் தளர்ந்து, இதயம் பருத்து, நோயாளி பத்தடி நடக்கவும் இளைக்கும் நிலை வருகின்றது. உறைவைக் கரைக்கும் மருந்தும், நாடியை விரித்துத் தாங்கும் கம்பிவலைக் குழாயும், தக்க நேரத்திற் கிடைத்தாற் சாகவிருக்கும் தசையைக் காக்கும். செத்த தசையை எழுப்பா.

எம் வேலிகளிலே கிளுவையும் பூவரசும் கதியாலாக நட்ட இடத்தில் துளிர்க்கின்றன. பனைக்கோ குருத்து ஒன்றே. அது போனால் மரம் பட்டுப்போகும். போர்க்காலத்திலே செல் பட்டுத் தலையிழந்து நின்ற பனைகளைக் கண்டோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. உடலுறுப்புகளுள் ஈரலும் தோலும் கதியாலின் இனத்தன. இதயம் பனையின் இனத்தது.

இனிச் சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. ஈண்டு நாம் எடுத்துக்கொண்ட கலத்துக்குத் தமிழிலே ஒருமித்த பெயர் அமையவில்லை. 'ஸ்டெம் செல்' என்று அப்படியே எழுதுவோர் உளர். தண்டுக்கலம், மூலக்கலம், குருத்தணு என்பாரும் உளர். 'தண்டு' என்பது முதுகுத்தண்டை நினைவூட்டி மயங்கவைக்கும். புதிது புதிதாக இலை விட்டுத் தானும் அழியாதிருப்பது குருத்து. அதுவே இக்கலத்தின் இயல்புமாதலின், குருத்துக்கலம் என்பதே பொருத்தம் எனக் கொண்டேன். இச்சொல்லின் ஜேர்மானிய மூலத்தை 1868ஆம் ஆண்டில் ஏர்ன்ஸ்ற் ஹெக்கல் என்னும் உயிரியலறிஞர் வழங்கினார். அதே ஆண்டுகளில் மானிப்பாயிலே சாமுவேல் கிறீன் வைத்தியர் தம் மாணவர்க்கு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்துக்கொண்டிருந்தார். கிரே என்பாரின் உடற்கூற்று நூல் 'மனுஷ அங்காதிபாதம்' என்னும் பெயருடன் 1872இல் தமிழாயிற்று. உலகின் புதுமருத்துவம் அது பிறந்த சில ஆண்டுக்குள்ளேயே தமிழில் ஓதப்பட்ட ஊர் எம்மூர். இன்று ஒரு கலத்துக்குப் பெயர் சூட்டவும் நாம் தடுமாறுகின்றோம் என்பதனை வருத்தத்தோடு குறித்துவிட்டு மேலே செல்வோம்.

ஹெக்கலின் சொல் முதலில் வேறு பொருளில் வழங்கிற்று. குருதியின் பலவகைக் கலங்களுக்கும் தாயான கலம் ஒன்று உண்டு என்று 1909இல் ருசிய அறிஞர் மக்ஸிமோவ் வாதித்தார். அவர் கூற்றுக்கு ஐயமற்ற சான்று கிடைக்க அரை நூற்றாண்டு கடந்தது. 1961இல் கனடாவின் ரொறன்ரோ நகரிலே ஜேம்ஸ் டில், ஏர்னெஸ்ற் மக்கலக் என்னும் இருவர், கதிர்வீச்சினால் மச்சை அழிக்கப்பட்ட எலிகளுக்கு வேறெலிகளின் மச்சையை ஏற்றினர். அவ்வெலிகளின் மண்ணீரலிலே சிறுசிறு முடிச்சுகள் தோன்றின. அவற்றை எண்ணிய அவர்கள், ஏற்றிய கலங்களின் தொகைக்கு ஏற்பவே முடிச்சுகளின் தொகையும் அமைவதைக் கண்டனர். ஒவ்வொரு முடிச்சும் ஒரே கலத்தின் வழித்தோன்றல் என்பதும் பின்னர் நிறுவப்பட்டது. எண்ணிக்கையையே சான்றாகக் கொண்ட இந்த ஆராய்ச்சியின் அழகைப் பின்னர் வரப்போகும் கதையோடு ஒப்பிட்டு நோக்குக. மச்சை மாற்றுச் சிகிச்சையை நோயாளரிடத்தே வளர்த்தெடுத்த டொனால் தோமஸ் என்னும் வைத்தியர் 1990இல் நோபெல் பரிசு பெற்றார்.

குருதிக்கு உண்மையானது இதயத்துக்கும் உண்மையாகாதா என்னும் ஆசை பிறந்தது இயல்பே. 2000ஆம் ஆண்டு யூன் மாதத்திலே பாரிஸ் நகரில் பிலிப் மெனாஷே என்னும் அறுவை வைத்தியர், நோயாளி ஒருவரின் தொடைத்தசையிலிருந்து எடுத்து வளர்த்த கலங்களை அவர்தம் இதய வடுவில் ஏற்றினார். (இம்முறை பின்னர் 97 பேரிடம் சோதிக்கப்பட்டது, 2008இல் வெளிவந்த முடிவு பயனின்மையையே காட்டிற்று.) அடுத்த ஆண்டு ஓலிக், அன்வேர்சா கட்டுரை வெளிவந்தது. அவ்வாண்டிலேயே ஜேர்மனியின் டுசல்டோர்வ் நகரில் போடோ ஸ்ட்ரவர் என்பார், மாரடைப்புற்ற மனிதருக்கு அவர்தம் மச்சைக் கலங்களை முடியுரு நாடி வழியாகச் செலுத்தினார். பத்து நோயாளர் பற்றிய அவரது அறிக்கை 2002இல் வெளியாயிற்று. எலியிலிருந்து மனிதனுக்கு வர மருத்துவம் வழக்கமாகப் பத்தாண்டு எடுக்கும். இங்கே ஓராண்டும் எடுக்கவில்லை. அவ்வேகத்தை அன்று யானும் வியந்தேன். அஞ்சியிருத்தல் வேண்டும்.

2004ஆம் ஆண்டு ஏப்பிரலில் அதே 'நேச்சர்' இதழ் இரண்டு கட்டுரைகளை ஒருங்கே வெளியிட்டது. சார்ல்ஸ் மரி முதலியோர், இதயத்தசையாக மாறினால் மட்டுமே அடையாளம் காட்டும் மரபணுக் குறியொன்றை மச்சைக் கலங்களில் அமைத்து, 145 இதயங்களில் அவற்றை ஏற்றினர். ஒரு கலமேனும் இதயத்தசையாக மாறியதற்கு அடையாளம் இல்லை. ஸ்டான்வோர்ட் பல்கலைக்கழகத்தார் செய்த மற்றை ஆராய்ச்சியிலே, ஏற்றிய கலங்கள் குருதிக்கலங்களாகவே முதிர்ந்தமை தெரிந்தது. இதயத்தசைக்கு, குறிப்பாகப் புண்பட்ட தசைக்கு, நுணுக்குக்காட்டியின் ஒளியிலே தானே மினுங்கும் இயல்பு உண்டு. நிறச்சாயத்தை மாத்திரம் நம்புவோர் அம்மினுக்கத்தைப் புதுக்கலம் என எளிதில் மயங்குவர். முடிச்சுகளை எண்ணிய டில், மக்கலக் என்போரின் வழிக்கும் மினுக்கத்தை நம்பிய வழிக்கும் இடையிலுள்ள தூரம் இதுவே.

இவ்வளவோடு கதை முடிந்திருக்கலாம், முடியவில்லை. நோயாளரிடத்தே சோதனைகள் அதற்குள் தொடங்கிவிட்டன. இதயவறை ஒவ்வொரு துடிப்பிலும் தன்னிடமுள்ள குருதியின் எத்தனை சதவீதத்தை வெளியே தள்ளுகின்றது என்பதே இச்சோதனைகளின் அளவுகோல். ஹனோவர் நகரில் 60 பேரிடம் நடந்த சோதனையில், கலம் பெற்றோர்க்கு ஆறு மாதத்தில் இவ்வளவு 6.7 புள்ளி உயர்ந்தது, பெறாதோர்க்கு 0.7 புள்ளியே. பதினெட்டு மாதத்தின் பின் நோக்கியபோது அவ்வேறுபாடு நம்பத்தக்க அளவில் நிலைக்கவில்லை. 2006இல் ஒரே மருத்துவ இதழின் ஒரே வெளியீட்டில், 204 பேரிடம் நடந்த ஜேர்மன் சோதனை சிறுபயன் உண்டு என்றது. 100 பேரிடம் நடந்த நோர்வேச் சோதனை இல்லை என்றது. ஒருவர் உண்டென, ஒருவர் இல்லையென, இவ்வாறு பத்தாண்டு சென்றது.

இம்முரண்பாட்டுக்குக் காரணத்தை இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சேர்ந்த டரல் பிரான்சிஸ் குழுவினர் புதுவழியிலே தேடினர். எங்கள் கல்லூரிகளின் கணக்காசிரியர்கள் இதனை விரும்பிப் படிப்பர் என்பதனாற் சற்று விரித்து எழுதுகின்றேன். அவர்கள் எந்த நோயாளியையும் காணவில்லை. வெளிவந்த 49 சோதனைகளின் அறிக்கைகளை எடுத்துவைத்து, கூட்டல் கழித்தற் பிழைகளையும், ஓரிடத்திற் கூறியதற்கு மற்றோரிடம் முரணாவதையும் எண்ணினர். 604 முரண்கள் கிடைத்தன. பின்பு, ஒவ்வோர் அறிக்கையிலும் உள்ள முரண்களின் தொகையையும், அவ்வறிக்கை கூறிய பயனின் அளவையும் அருகருகே வைத்தனர். முப்பதுக்கு மேல் முரண் உள்ள அறிக்கைகள் சராசரி 7.7 புள்ளி உயர்வு என்றன. முரண் குறையக் குறையப் பயனும் குறைந்துகொண்டே வந்தது. முரண் ஒன்றும் இல்லாத ஐந்து சோதனைகளிற் சராசரிப் பயன் பூச்சியத்துக்கும் சற்றுக் கீழே, 0.4 புள்ளித் தாழ்வாக நின்றது. 2014இல் இவ்வாராய்ச்சி பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. பெரும்பொறி ஏதுமின்றி, பென்சிலும் பொறுமையும் கொண்டு செய்யத்தக்க வேலை அது. அதனை எவரும் அதற்கு முன் செய்யாதிருந்தமையே வியப்பு.

அன்வேர்சாவுக்கு மீள்வோம். மச்சைக் கலம் பற்றிய ஐயம் எழத் தொடங்கிய காலத்தில், 2003இலே, இதயத்துக்குள்ளேயே அதற்குரிய குருத்துக்கலங்கள் உள்ளன என்னும் கொள்கையை அவர் முன்வைத்தார். அக்கலங்களை எடுத்துப் பெருக்கி நோயாளரிடம் மீள ஏற்றியதாக 2011இல் 'லான்செற்' இதழில் ஓர் அறிக்கை வந்தது, மீண்டும் பெருவியப்பு. பிற ஆய்வுகூடங்கள் அதனைத் திரும்பச் செய்ய முயன்று தோற்றன. 2014இல் ஜெஃப்ரி மொல்கென்ரின் குழுவினர், அக்கலங்களிலிருந்து எலியிற் பிறக்கும் இதயத்தசைக் கலம் 0.03 சதவீதம் அல்லது அதனினும் குறைவே எனக் கணக்கிட்டனர். அவ்வாண்டிலேயே அன்வேர்சாவின் கட்டுரையொன்று மீட்கப்பட்டது. அவர் பணியாற்றிய பொஸ்டன் மருத்துவமனையும் அதன் நிறுவனமும், அரசின் ஆராய்ச்சிப் பணம் பெறுதற்குப் பொய்த்தரவுகள் பயன்பட்டன என்னும் குற்றச்சாட்டின் பேரில் 10 மில்லியன் டொலர் செலுத்த 2017இல் உடன்பட்டன. 2018 ஒக்டோபரில் ஹார்வார்ட் மருத்துவக் கல்லூரியும் அம்மருத்துவமனையும், புனையப்பட்ட அல்லது திரிக்கப்பட்ட தரவுகளைக் கொண்ட அவரது 31 வெளியீடுகள் மீட்கப்படல் வேண்டும் என அறிவித்தன. 'லான்செற்' அறிக்கை 2019இல் மீட்கப்பட்டது.

இதயத்தசை தானாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லையோ எனின், சிறிது உண்டு. இதனை அறிந்த வழி மிக விசித்திரமானது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வெட்டவெளியில் வெடித்த அணுகுண்டுகள் வளிமண்டலத்திலே கதிர்த்தொழிற்பாடுள்ள காபன்-14 என்னும் பொருளைப் பெருக்கின. 1963ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பின் அது படிப்படியாகக் குறைந்தது. ஒரு கலம் பிறக்கும் ஆண்டிலே வளியிலிருந்த காபனின் அளவு அதன் மரபுப்பொருளிற் பதிந்துவிடும். சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார் இறந்தோரின் இதயத்தில் இப்பதிவை அளந்து, 25 வயதில் ஆண்டுக்கு ஒரு சதவீதமும் 75 வயதில் 0.45 சதவீதமுமே இதயத்தசைக் கலம் புதிதாகின்றது என 2009இல் அறிவித்தனர். நீண்ட ஆயுளிலும் பாதிக் கலம் பிறவியிலிருந்து வந்ததே. ஒரு மணி நேரத்திற் கோடிக்கணக்காக மடிவதை ஈடுசெய்ய இவ்வேகம் எம்மாத்திரம்?

இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலும் இவ்வலை வீசியது. புதுதில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவனத்தார் இதயநோயாளர்க்கு மச்சைக் கலம் ஏற்றியதை 2005இல் அறிவித்தனர். பத்திரிகைகள் கொண்டாடின. அதன்பின் நகரந்தோறும் விளம்பரங்கள் தோன்றின. 2007இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழினுட்பத் திணைக்களமும் வெளியிட்ட நெறிமுறையின் தலைப்பில் 'ஆராய்ச்சியும் சிகிச்சையும்' என்றிருந்தது. 2013இல் அதனைத் திருத்தியோர் தலைப்பிலிருந்து 'சிகிச்சை' என்னும் சொல்லை வேண்டுமென்றே நீக்கிவிட்டனர். குருதிநோய்களுக்குச் செய்யும் மச்சை மாற்றம் போன்ற நிறுவப்பட்ட சிலவற்றைத் தவிர, பிறவெல்லாம் ஆராய்ச்சியே என்பது கருத்து. ஒரு சொல்லை எடுத்துவிட்டதால் ஓர் அரசு இத்தனை தெளிவாகப் பேசியதை யான் வேறெங்கும் கண்டதில்லை.

அச்சொல் நீக்கப்படுவதற்கு முன் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறியாதல் வேண்டும். என் பழைய மாணவர் ஒருவர், மாரடைப்பின் பின் இதயம் தளர்ந்திருந்த தம் தந்தையாரைக் கடல்கடந்து அழைத்துச்சென்று இத்தகைய சிகிச்சை செய்வித்தார். அதற்காகக் குடும்பக் காணி ஈடுவைக்கப்பட்டது. செல்லுமுன் என்னைக் காண வந்தபோது, இதனைத் தாம் என் வகுப்பிலேதான் முதன்முதல் அறிந்ததாக நன்றியோடு சொன்னார். 2004ஆம் ஆண்டுக் கட்டுரைகளை யான் அதுவரை படித்திருக்கவில்லை. ஆகவே வாழ்த்தி அனுப்பினேன். தந்தையார் மறு ஆண்டு காலமானார். சிகிச்சையால் இறந்தாரென்று எவரும் கூறவியலாது. நோய் தன் வழியே சென்றது. காணி மீளவில்லை. மாணவர் என்னிடம் ஒரு குறையும் சொன்னாரல்லர். அதன் பின்னரே யான் இவ்வரலாற்றைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன்.

நிறுவப்பட்ட மச்சை மாற்றம் தமிழ்நாட்டில் எங்கே செழித்தது என நோக்கின், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி முன்னிற்கும். 1986 முதல் அங்கே அது நடைபெற்றுவருகின்றது. குருத்துக்கல ஆராய்ச்சிக்கென ஒரு நடுநிலையமும் 2005இல் அங்கு தோன்றியது. அக்கல்லூரியின் வேர் எம் தீபகற்பத்தில் உள்ளது. அதனை நிறுவிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் பாட்டனார் ஜோன் ஸ்கடர், யாழ்ப்பாணம் வந்து பண்டத்தரிப்பிலே மருந்து கொடுத்த அமெரிக்க வைத்தியர். அம்மையாரின் தந்தையார் 1835இல் யாழ்ப்பாணத்திற் பிறந்தவர். அவர்கள் சமயப் பணியோடு எம் முன்னோர் மாறுபட்டு நின்றது வரலாறு. அது நியாயமும் ஆகும். மருந்தைப் பொறுத்தவரை, செய்ததைக் குறித்துவைத்து, எண்ணிக் காட்டும் ஒழுக்கத்தை அவர்கள் விட்டுச்சென்றனர் என்று கூறுவதற்கு நாம் தயங்க வேண்டியதில்லை.

இனி எஞ்சியது யாது? மச்சைக் கலம் ஏற்றிய எலிகளிற் சிலவற்றுக்கு இதயம் சற்றே நலமடைந்ததும் பொய்யன்று. அதன் காரணத்தை மொல்கென்ரின் குழுவினர் 2019இல் விளக்கினர்: கொல்லப்பட்ட கலத்தை ஏற்றினாலும் அதே சிறுபயன் கிடைத்தது, ஊசியேறிய இடத்துக்கு உடலின் காவற்கலங்கள் விரைந்துவந்து வடுவைச் சீர்செய்தமையே காரணம். கங்கையாற்று மீன்களை ஆராய்ந்த பிரான்சிஸ் ஹமில்டன் 1822இல் விவரித்த வரிச் சிறுமீன் ஒன்று உண்டு. அதன் இதயவறையில் ஐந்திலொரு பங்கை வெட்டினாலும் இரண்டு மாதத்திலே வளர்ந்துவிடுகின்றது என 2002இற் கண்டனர். அங்கே குருத்துக்கலம் எதுவும் வருவதில்லை. எஞ்சிய தசைக்கலங்களே மீண்டும் பிளவுறுகின்றன. பிறந்து ஒரு வாரத்துக்குட்பட்ட சுண்டெலிக்கும் அவ்வாற்றல் உண்டு, பின்னர் மறைகின்றது.

மற்றைய வழி யப்பானிய அறிஞர் ஷின்யா யமனாகா 2006இல் திறந்தது. முதிர்ந்த தோற்கலத்தை நான்கு மரபணுக்களால் மீண்டும் குருத்துநிலைக்குக் கொண்டுவந்த அவர் 2012இல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இவ்வகைக் கலங்களிலிருந்து துடிக்கும் இதயத்தசையை ஆய்வுகூடத்தில் வளர்க்கலாம். அது மினுக்கமன்று, கண்ணாற் காணும் துடிப்பு. ஒசாக்காவிலே அத்தகைய தசைத்தாள் 2020 ஜனவரியில் நோயாளி ஒருவரின் இதயத்தின் மேல் ஒட்டப்பட்டது. ஜேர்மனியின் கெற்றிங்கன் நகரத்தார், கடும் இதயத் தளர்ச்சியுற்ற 46 வயதுப் பெண்ணொருவர்க்குத் தசைத்துண்டம் தைத்தனர். மூன்று மாதத்தின் பின் அவர்க்கு மாற்று இதயம் கிடைக்க, கழற்றிய பழைய இதயத்தைச் சோதித்தபோது, தைத்த தசை உயிரோடும் குருதிக் குழாய்களோடும் இருந்தது. 2025 ஜனவரியில் இது வெளியாயிற்று. இம்முறையும் 'நேச்சர்' இதழிலேயே. ஒரு நோயாளியின் இதயம் அது. அத்துண்டம் எத்துணை வலுவைத் தரும் என்பதனை அவ்வொன்றிலிருந்து கணிக்கவியலாது.

2001ஆம் ஆண்டு உயிரியல் வகுப்பின் குறிப்பேட்டை இன்னும் வைத்திருக்கும் பழைய மாணவர், இதயத்தின் படம் உள்ள பக்கத்திலே 68 என்னும் எண்ணை வெட்டி, அருகில் 2004 என்று எழுதிக்கொள்வாராக.